ஒட்டாத உறைகள்

வடகரை, நீடாமங்கலம்
17 நவம்பர் 2024

அன்புள்ள ஃபிளோரா அக்காவுக்கு,

மரியே வாழ்க! (அப்பா பின்னால் நின்று இதை முதலில் போடச் சொன்னார். போட்டதும் போய்விட்டார்.) அப்பா, அம்மா, நான், அம்மாவைத் தவிர எல்லோரையும் கொத்துகிற அந்தச் சேவல், நாலு பேரும் சௌக்கியம். உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது? விக்ஸ் தடவிக்கொள்ள அங்கே விடுவார்களா, அதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா?

கன்னியாஸ்திரிப் பயிற்சியில் நவதுறவி உடுப்புப் போட்ட பிறகு இரண்டு வருஷம் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று நீ சொன்னபோது விளையாடுகிறாய் என்று நினைத்தேன். தபால்காரர் பஞ்சநதம் அண்ணன் நம் வாசலுக்கு வரும்போதெல்லாம் சிரிக்கிறார். "இந்தக் காலத்துல கடுதாசி போடுறது கோர்ட்டும் உங்கக்காவும்தான் பாப்பா" என்கிறார்.

நீ எழுதுகிற உறையை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டுமாமே? அங்கே சிஸ்டர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார்கள் என்று அம்மா சொன்னார். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? அப்பாதான் பிரிக்கிறார், அதுவும் வீட்டில் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தெருக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுகிற அன்பியக் கூட்டம் வரைக்கும் உறையை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். கூட்டத்தில் பைபிள் வாசகம், அதற்கப்புறம் உன் கடிதம். அவர்தானே அன்பியத் தலைவர், யார் கேட்பது? வாசித்து முடித்ததும் எல்லோரும் பழக்க தோஷத்தில் "இறைவா உமக்கு நன்றி" என்கிறார்கள். நீ பல்வலி என்று எழுதியதற்கும் நன்றி சொல்லிவிட்டார்கள் அக்கா!

மேட்டு வயலில் புதிதாகப் போர் போட்டோம். நூற்றெண்பது அடியில் கறுப்புக் களிமண் வந்தது. அதில் ஒரு சிப்பி! பாதி உடைந்தது, ஆனால் சிப்பிதான். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். கடல் இங்கே வரைக்கும் இருந்ததா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டேன். "சிலபஸ்ல இருக்கறதப் படி" என்றார்கள். அப்பாவிடம் கேட்டேன். "நோவா காலத்து வெள்ளம்" என்றார். எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன் தங்கை,
சான்ட்ரா


நவதுறவியர் இல்லம், திண்டுக்கல்
1 டிசம்பர் 2024

கிறிஸ்துவில் அன்பான தங்கை சான்ட்ராவுக்கு,

மரியே வாழ்க. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் பூரண சுகம். அப்பா, அம்மா, நீ மூவரும் உடல்நலத்தோடு இருக்கத் தினமும் திவ்ய நற்கருணைக்கு முன் வேண்டுகிறேன். எங்கள் பயிற்சியாளர் சிஸ்டர் செலஸ்டினா உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தார்கள். சேவலையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

இன்று திருவருகைக்காலம் தொடங்குகிறது. இங்கே ஒவ்வொரு நாளும் ஆனந்தம். காலை ஜெபம், தியானம், தோட்டவேலை, தையல். மனதுக்கு அமைதி. உலகத்தில் கிடைக்காத சந்தோஷம் இங்கே கிடைக்கிறது. கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுத்து முடித்ததும், 2026 ஜூனில், சபையே என்னைக் கல்லூரிக்கு அனுப்பும். கடவுள் தம் பிள்ளைகளுக்கு எதையும் குறைவைப்பதில்லை.

உனக்குக் கணக்கில் தொகை நுண்கணிதம் தொடங்கிவிட்டார்களா? தொடங்கியிருந்தால் ஒரு கணக்கு எழுதி அனுப்பு. சும்மாதான். ஓய்வு நேரத்தில் பார்ப்பேன்.

அம்மாவிடம் மூக்கடைப்பு சரியாகிவிட்டது என்று சொல்.

இயேசுவில்,
ஃபிளோரா


வடகரை
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அறுப்பு மெஷின் வயலில் நிற்கிறது, வீடெல்லாம் தூசு, அம்மாவுக்கு இருமல், மற்றபடி பொங்கலுக்கு எல்லோரும் தெம்பாகத்தான் இருக்கிறோம். உனக்குச் சுகமா? நிஜமாகச் சொல்லு.

உன் டிசம்பர் கடிதம் கிறிஸ்துமஸ் அன்பியத்தில் அமர்க்களப்பட்டது. "உலகத்தில் கிடைக்காத சந்தோஷம்" என்ற இடத்தில் அப்பாவுக்குக் குரல் தழுதழுத்தது. ரெமிஜியஸ் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் மகளையும் அனுப்பலாமா என்று யோசிக்கிறாராம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நீ, மாட்டப்போவது நாங்கள்!

விளையாட்டு இல்லை அக்கா. அன்றைக்கு ராத்திரி சோற்றுக்கு உட்காரும்போது நான் மெதுவாகச் சொன்னேன். சென்னையில் பல்கலைக்கழகத்தில் நிலவியல் இருக்கிறது, ஐந்து வருஷம், முடித்தால் எம்.எஸ்சி., எங்கள் டீச்சர் விவரம் எடுத்துக் கொடுத்தார்கள் என்றேன். அப்பா கையைக்கூடக் கழுவவில்லை. "மெட்ராசுக்கா? படிச்சு என்னத்தக் கண்டுட்டாங்க? வைத்தியலிங்கம் வீட்டுக் குந்தவை போனா. ரெண்டு பொங்கலா ஊர்ப்பக்கமே வரல. அனுப்புறப்ப மவ, திரும்பி வர்றப்ப யாரோ. படிக்கணுமா, உங்கக்கா போன வழி இருக்கு. படிப்பும் ஆச்சு, மோட்சமும் ஆச்சு" என்றார். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார், என் தட்டு நிரம்பியும்.

மே மாதம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உங்கள் சபையில் "வந்து பாருங்கள்" முகாம் இருக்கிறதாமே. அப்பா என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்பதால் எனக்கு வாயடைத்துப் போகிறது. சந்தோஷமாக இருக்கிற அக்காவைக் காட்டி வா என்று கூப்பிட்டால், மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

நீ கேட்ட கணக்கு: y = x² என்ற வளைகோட்டுக்கும் y = x என்ற கோட்டுக்கும் நடுவில் அடைபட்ட பரப்பு எவ்வளவு?

பிரியமுள்ள,
சான்ட்ரா


வடகரை
20 ஜனவரி 2025

சேசு மரி சூசை துணை

மதிப்பிற்குரிய சகோதரி ஃபிளோரா அவர்களுக்குத் தகப்பன் குழந்தைராஜ் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்திற்கும் தங்கள் மேலான ஞானப் பெரியோர்களின் க்ஷேமத்திற்கும் தினம் ஜெபமாலை ஒப்புக்கொடுக்கிறோம். சம்பா அறுத்தாகிவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

தாங்கள் போன பிறகு கோயிலில் என்னை முன் வரிசையில் உட்காரச் சொல்கிறார்கள். சாமியார் கோயில் காரியம் பார்க்கிற பங்குப் பேரவையில் சேர்த்திருக்கிறார். இதெல்லாம் தங்களால் எனக்குக் கிடைத்த மரியாதை. சின்னவளையும் ஆண்டவர் கேட்கிறார் என்று என் மனதில் படுகிறது. அவள் துடுக்குத்தனம் தாங்கள் அறியாதது அல்ல. தாங்கள் ஒரு நல்ல புத்தி எழுதினால் கேட்பாள். ஏப்ரல் மாத அன்பியம் நம் வீட்டில். அதற்குள் எழுதினால் எல்லோர் முன்பும் வாசிக்க வசதி.

வேறு விசேஷமில்லை.

அன்புத் தகப்பன்,
அ. குழந்தைராஜ்


திண்டுக்கல்
23 பிப்ரவரி 2025

அன்பான தங்கை சான்ட்ராவுக்கு,

மரியே வாழ்க. நலமாக இருக்கிறேன். அம்மாவின் இருமலுக்கு ஆடாதோடை இலைக் கஷாயம் போட்டுக் கொடு. அப்பாவின் கடிதம் கிடைத்தது. என்னைத் தாங்கள், அவர்கள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 5 விபூதிப் புதன். தவக்காலம் முழுவதும் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, ஒறுத்தல் முயற்சி. வருகிற கடிதங்களும் ஈஸ்டர் பாஸ்கா முடிந்த பிறகுதான் கைக்கு வரும். அதனால் உன் பரீட்சைக்கு இப்போதே ஜெபங்களும் வாழ்த்தும்.

உன் கணக்கு. முதலில் படம் போட்டுக்கொள். இரண்டு கோடுகளும் பூஜ்ஜியத்தில் ஒரு முறை, ஒன்றில் ஒரு முறை சந்திக்கின்றன. அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் நேர்கோடு மேலே போகிறது, வளைகோடு கீழே தொங்குகிறது. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழி, தொகையிடு. அரையிலிருந்து மூன்றில் ஒன்று போனால் ஆறில் ஒன்று. எவ்வளவு சின்ன இடம் பார்த்தாயா! இதையே y = x³ என்று வைத்துச் செய்து பார்த்தேன், நாலில் ஒன்று வந்தது. அடுக்கு ஏற ஏற இடம் பெரிதாகிக்கொண்டே போய் அரையை நெருங்குகிறது, ஆனால் தொடவே தொடாது. ஏன் என்று நீயே யோசி, அதைக் கண்டுபிடித்தபோது எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. தையல் துணியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன், அப்புறம் துவைத்துவிட்டேன்.

முகாமைப் பற்றி ஜெபித்து முடிவு செய்.

இயேசுவில்,
ஃபிளோரா


வடகரை
27 மார்ச் 2025

அக்கா,

பரீட்சை முடிந்தது. கணக்கில் அடைபட்ட பரப்பு வந்தது, உன்னை நினைத்துக்கொண்டே எழுதினேன். சுகமா என்று கேட்டு என்ன பிரயோஜனம், இது உன் கைக்கு வருவதே ஏப்ரல் கடைசியில்தான். சுகமாயிரு.

பதில் வராது என்று தெரிந்து பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, தைரியம் வருகிறது. உன் பிப்ரவரி கடிதத்தை அப்பா கூட்டத்தில் வாசித்தார். கணக்கு வந்த இடத்தை, "இது பாடம்" என்று சொல்லித் தாண்டிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனந்தம், அமைதி என்று நீ எழுதின கடிதங்களையெல்லாம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் எதிலும் நீ இல்லை. குதிக்க வேண்டும்போல் இருந்தது என்கிற வரியில்தான் நம் வீட்டு ஃபிளோரா இருந்தாள்.

"ஜெபித்து முடிவு செய்" என்கிறாய். முடிவு என் கையில் இருந்தால்தானே ஜெபிக்க? அப்பா பெட்டி வாங்கி வைத்துவிட்டார். நீலப் பெட்டி, உனக்கு வாங்கினாரே, அதே கடையில். கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்க நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறேன்.

அக்கா, நேராகவே கேட்கிறேன். நீ சந்தோஷமாக இருக்கிறாயா?

சான்ட்ரா


திண்டுக்கல்
22 ஏப்ரல் 2025

(பாஸ்கா வாழ்த்து அட்டை)

அன்பான அப்பா, அம்மா, சான்ட்ரா,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் நம் வீட்டில் தங்குவதாக. நான் நலம். கடிதங்கள் கிடைத்தன.

ஃபிளோரா


வடகரை
8 மே 2025

அக்கா,

இன்று காலை ரிசல்ட். அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்திரண்டு. கணக்கில் நூறு. அம்மா என் தலையைக் கையால் வழித்து நெட்டி முறித்தார். அப்பா சர்க்கரை வாங்கித் தெருவுக்கெல்லாம் கொடுத்தார், "கன்னியாஸ்திரியாப் போறா" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, சர்க்கரைத் தட்டு என் கையில்.

உங்கள் முகாம் 19ஆம் தேதி திங்கட்கிழமை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 23. முகாமுக்குப் போனால் ஒரு வாரம், அங்கிருந்து விண்ணப்பம் போட வழியில்லை.

நான் உன்னிடம் கேட்டதற்கு வாழ்த்து அட்டை வந்தது. முயல் படம் போட்டது. கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன், கோபம்தான். உன் கடிதத்தை அங்கே ஒருவர் படிக்கிறார், இங்கே ஊரே கேட்கிறது, எனக்குத் தெரியாதா? நீண்ட கடிதம் வேண்டாம். வா என்றோ வராதே என்றோ ஒரு வார்த்தை எழுது. நீ வா என்றால் வருகிறேன். சத்தியமாக. உன்னைத்தான் நம்புகிறேன்.

18ஆம் தேதி ஞாயிறு அன்பியம் நம் வீட்டில்தான், ஏப்ரலில் பாஸ்கா வேலையால் தள்ளிப்போயிற்று. அதற்குள் வரும்படி போடு.

சான்ட்ரா


திண்டுக்கல்
14 மே 2025

சான்ட்ராவுக்கு,

வராதே.

ஒரு வார்த்தை கேட்டாய், முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனிமேல் எழுதுவது மூன்று பேருக்கு.

முதலில் சிஸ்டர் செலஸ்டினாவுக்கு, நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள் என்பதால். சிஸ்டர், நீங்கள் என்னை ஏமாற்றவில்லை. என்னோடு இருக்கிற மணப்பாறைப் பெண் கக்கூஸ் கழுவும்போதும் பாடுகிறாள். அவளுக்குக் கடவுளின் அழைத்தல் இருக்கிறது. நான் கழுவுகிறேன், பாட வரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கு வந்த சிஸ்டர், யாருக்கு எங்களோடு வர விருப்பம், நாங்கள் பட்டம் படிக்க வைப்போம் என்றார்கள். நான் கை தூக்கினேன். எனக்கு விருப்பம் கணக்கின் மேல். கல்லூரிக்கு வேறு எந்தக் கதவும் எங்கள் வீட்டில் திறக்கவில்லை. அடுத்த ஜூன், அடுத்த ஜூன் என்று ஜெபமாலை மணியில் நான் எண்ணியது அதைத்தான். இன்னும் ஒரே ஒரு வருஷம். பேசாமல் இருந்திருந்தால் எனக்குப் பட்டம் கிடைத்திருக்கும். தங்கை கேட்காமல் இருந்திருந்தால் பேசாமலேதான் இருந்திருப்பேன். இப்போது இதைப் படித்த பிறகு நீங்கள் என்னை வார்த்தைப்பாட்டுக்கு விடமாட்டீர்கள், விடவும் கூடாது.

அப்பா, இதை நீங்கள் கூட்டத்தில்தான் பிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாதியில் நிறுத்தாதீர்கள். என் பொய்யெல்லாம் அங்கே வாசிக்கப்பட்டது, இதுவும் அங்கேயே வாசிக்கப்படட்டும். ரெமிஜியஸ் மாமாவும் கேட்கட்டும். ஆனந்தம் என்று எழுதியதெல்லாம் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்றும், இங்கே நல்ல பெயர் வரும் என்றும் எழுதினேன். அது என் தங்கையைப் பிடித்து இழுக்கும் என்று நினைக்கவில்லை. படித்து என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாதுப்பா. நான் போனதில்லை. நீங்களும் போனதில்லை. அதனால்தான் அவள் போக வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு அவள் எழுதட்டும். நாம் படித்துத் தெரிந்துகொள்வோம்.

சான்ட்ரா, விண்ணப்பத்தை 23ஆம் தேதிக்குள் போட்டுவிடு. சிப்பியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

நான் சுகமாக இல்லை. இத்தனை கடிதத்தில் முதல் தடவையாக எழுதுகிறேன், அம்மா. மூக்கடைப்பும் சரியாகவில்லை.

ஃபிளோரா

பி.கு. சிஸ்டரிடம் இதைக் கொடுத்துக் காலையிலிருந்து கோயிலில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒரு வரியும் அடிக்கவில்லை. "தேதி போட மறந்துட்ட. போட்டுக் குடு, சாயங்காலத் தபால் போயிடும்" என்று மட்டும் சொன்னார்கள். முகம் திரும்பியிருந்தது.


வடகரை
20 மே 2025

என் அக்காவுக்கு,

நீ அழுதுகொண்டிருப்பாய். முதலில் தண்ணீர் குடி. இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. வழக்கம்போல் மாதா படத்துக்குப் பின்னால் போயிற்று. ஒரு நாள் முழுவதும் நான் அந்தப் படத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். எடுத்துப் பிரித்துவிடலாம் என்று இரண்டு தடவை ஸ்டூல்கூடப் போட்டேன். இரண்டு தடவையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஜனம். நீலப் பெட்டியை அப்பா கூடத்திலேயே வைத்திருந்தார், எல்லோரும் பார்க்கட்டும் என்று. வாசகம் முடிந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தார். "சான்ட்ராவுக்கு" என்று கணீரென்று ஆரம்பித்தார். "வராதே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனாலும் நாக்கு நிற்கவில்லை, வாசித்துக்கொண்டே போனார், குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. "அப்பா, இதை நீங்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். "கண்ணு சரியாத் தெரியல, இன்னொரு நாள் பாப்பம்" என்று மடித்தார்.

அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தார். வந்து அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினார். அக்கா, நம் அம்மா! எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர், எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர். "எனக்குத் தெரியுதுங்க, நான் வாசிக்கிறேன்" என்றார். வரிக்குக் கீழே விரலை வைத்து வைத்து, எழுத்துக் கூட்டி, கடைசி வரைக்கும் வாசித்தார். பின்குறிப்பைக்கூட விடவில்லை. மூக்கடைப்பு வந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.

முடிந்தது. அம்மா கடிதத்தை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, "இறைவா உமக்கு நன்றி" என்றார், தனியாக. ரெமிஜியஸ் மாமா மெதுவாகத் திரும்பச் சொன்னார். அப்புறம் ஒவ்வொருவராக.

அப்பா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உளுந்து வயலுக்குப் போய்விட்டார், இருட்டித்தான் வந்தார். முகாமுக்கு நான் போகவில்லை. நேற்று அம்மா என்னை நீடாமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கம்ப்யூட்டர் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட வைத்தார். பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மா கையெழுத்து. மரியபுஷ்பம் என்று முழுசாக எழுதினார்.

சிஸ்டர் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னபடி, 31ஆம் தேதி நானும் அம்மாவும் உன்னை வீட்டுக்குக் கூட்டிவர வருகிறோம். அப்பா வரமாட்டார். இந்த வீட்டில் உனக்கு நல்ல முகம் காட்ட இப்போதைக்கு நாங்கள் இரண்டு பேர்தான். ஊர் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். தயாராக வா.

உன் சான்ட்ரா


மாணவியர் விடுதி, சென்னை
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ரசம் என்று ஒரு வெந்நீர் ஊற்றுகிறார்கள், அதிலும் பிழைத்துக்கிடக்கிறேன். உனக்கு எப்படி இருக்கிறது? கோயிலில் யாராவது பேசுகிறார்களா? போனில் பேசினால் அப்பா அம்மாவிடம் சொல்லி ஸ்பீக்கரில் போட வைக்கிறார், அப்புறம் உன்னிடம் எதைக் கேட்பது? அதனால்தான் பழைய வழக்கம்.

நீ அன்றைக்கு எழுதினாய், போய்ப் பார்த்துவிட்டு அவள் எழுதட்டும் என்று. இங்கே சேர்ந்து ஒரு மாதமாகிறது. உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை, அழுகைதான். எல்லாம் இங்கிலீஷ். பக்கத்துப் பெண் தலையாட்டினால் நானும் ஆட்டினேன். குந்தவை அக்காவைப் போய்ப் பார்த்தேன். ஏன் ஊருக்கு வருவதில்லை என்று கேட்டேன். "வந்தா திரும்பி விடமாட்டாங்கடி, பயமா இருக்கு" என்றாள். நாம் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தோம்.

போன செவ்வாய்க்கிழமை துணிந்து சிப்பியை எடுத்துக்கொண்டு பேராசிரியர் லத்தீஃபா மேடத்திடம் போனேன். பெரிய படிப்பு, வெளிநாட்டிலெல்லாம் இருந்தவர்கள். பாட்டிலைத் திறந்து, சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், களிமண்ணை விரலில் தேய்த்து மோந்தார்கள். அப்புறம், "தெரியலையேம்மா" என்றார்கள். "கடல் சிப்பியா ஆத்துச் சிப்பியான்னே சொல்ல முடியல. நீ என்ன நினைக்கிற?"

அக்கா, என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. பதினெட்டு வருஷத்தில் எதையாவது கேட்டால் உடனே பதில் வரும், இல்லாவிட்டால் அடி வரும். தெரியவில்லை என்று சொன்ன முதல் பெரிய மனுஷி இவர்தான். கடல் என்று நினைக்கிறேன் என்றேன், ஏன் என்றார்கள், உளறினேன். தப்பு, ஆனால் யோசிக்கலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் லேப் திறந்திருக்கும், வா, சேர்ந்து பார்க்கலாம் என்றார்கள். விடுதி வரைக்கும் ஓடி வந்தேன். உனக்குத் துணியோரத்தில் கணக்கு வந்தபோது இருந்ததே, அது.

இங்கே இதுதான் கிடைக்கிறது. இது நீ உட்கார வேண்டிய இடம் என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை.

உன்,
சான்ட்ரா


வடகரை
15 ஆகஸ்ட் 2025, மாதா விண்ணேற்புத் திருநாள்

என் சான்ட்ராவுக்கு,

அம்மா சுகம், இருமல் விட்டுவிட்டது. குறுவை பச்சை கட்டி நிற்கிறது. நான் இருக்கிறேன்.

கோயிலில் பேசுகிறார்கள், நான் தாண்டிப்போன பிறகு. இன்று பூசையில் நம் வரிசை காலியாகவே இருந்தது, அம்மாவும் நானும் மட்டும். அப்பா கடைசித் தூணோரம் நின்றார். முன் வரிசையில் இப்போது வேறொருவர். நான் வந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். நான் கூடத்துக்கு வந்தால் அவர் கொல்லைக்குப் போவார். இந்த வருஷம் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற நாளெல்லாம் நான் வருவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. நீ படுத்த கட்டிலில் படுத்து, நீ பார்த்த சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் அடுத்த ஜூன். சில நாள் மூச்சு முட்டுகிறது, பொய் சொல்லமாட்டேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பஞ்சநதம் அண்ணன் அப்பா கையில்தான் கொடுத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பின்னால் போகும், அடுத்த கூட்டத்தில் ஊர் கேட்கும் என்று நினைத்தேன். ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது என் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தார். ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. "நீங்க பிரிக்கலையாப்பா?" என்றேன். "உன் பேருதான போட்டுருக்கு" என்றார், தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டே.

நாலு வருஷத்தில் நானே பிரித்த முதல் உறை. அவசரத்தில் ஓரம் கிழிந்துபோயிற்று.

அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் படித்து முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அப்புறம், "என்னா எழுதிருக்கா?" என்றார்.

"அந்தச் சிப்பி என்னதுன்னு அவங்க புரொபசருக்கே தெரியலையாம்ப்பா. ரெண்டு பேருமாச் சேந்து பாக்குறாங்களாம்."

"தெரியலன்னு சொல்றதுக்கா அம்மாந்தூரம்?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா கையைக் கழுவிவிட்டு, துண்டில் துடைத்துத் துடைத்து நின்றார். "போர் போட்டப்ப வந்த மண்ணு இன்னும் ஒரு சாக்கு பம்பு செட்டுல கெடக்கு. அதுல வேற எதும் சிப்பி இருக்கலாம். அவளுக்கு வேணுமான்னு கேளு" என்றார்.

வேணுமா என்று எழுது. மறுநாள் காலையில் நான் பம்பு செட்டுக்குப் போனபோது அவர் எனக்கு முன்னாலேயே அங்கே குந்தி உட்கார்ந்து சல்லடையில் அலசிக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து அலசினேன். இரண்டு துண்டு கிடைத்தது. என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த கடிதத்தில் ஒரு கணக்கு எழுதி அனுப்பு, கஷ்டமாக. ஒரு வருஷம் தாங்க வேண்டும்.

இதை எழுதி முடித்ததும் பழக்கத்தில் உறையைத் திறந்தபடியே எடுத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று நடுக்கூடம் வரைக்கும் போய்விட்டேன். வாங்க அங்கே ஒருவரும் இல்லை. நாக்கால் நனைத்து நானே ஒட்டப்போகிறேன். அந்தப் பசை எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

உன் அக்கா,
ஃபிளோரா